எங்கள் கோஸ்ட் கார்டுக்குத் தனிச் சிறப்பு அணி தேவையா?

துறைமுகத்தான்

கொழும்பு கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கொழும்புக்கு வரும் கப்பல் கரைக்கு வருவதற்கு முன்பே ஒரு பாதுகாப்புப் படிவம் அனுப்ப வேண்டும். கடைசியாகத் தொட்ட பத்துத் துறைமுகங்கள் எவை, ஒவ்வொன்றிலும் எந்தப் பாதுகாப்பு நிலையில் நின்றது என்றெல்லாம் அதில் இருக்கும். கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐ.எஸ்.பி.எஸ். கோட் 2004 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து உலகம் முழுக்க இதுதான் வழக்கம். என் கேள்வி இதுதான்: அந்தப் பத்தில் ஒன்று சரியில்லை என்று தெரிந்தால், கப்பல் வெளி நங்கூரத்தில் நிற்கும்போதே ஏறிப் பார்க்க யார் போவது?

அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இந்தக் கேள்விக்குப் பதிலாகவே கோஸ்ட் கார்டில் தனி அணிகளை உருவாக்கினார்கள். 2002ஆம் ஆண்டின் கடல் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெரிய துறைமுகங்களுக்கு எம்.எஸ்.எஸ்.டி. என்ற அணிகள் வந்தன. துறைமுகத்தைச் சுற்றி ரோந்து, முக்கியமான கப்பல்களுக்குத் துணை, நீருக்கடியில் தேடுதல் என்பவை அவர்களுடைய வேலை. அதற்கு மேலே எம்.எஸ்.ஆர்.டி. என்று ஒன்று. எதிர்த்துச் சுடக்கூடியவர்கள் இருக்கும் கப்பலில் ஏறுவது, கதிரியக்கப் பொருளோ ரசாயன ஆயுதமோ இருக்கிறது என்ற சந்தேகத்தோடு ஏறுவது எல்லாம் இவர்களுடையது. ஒன்று வர்ஜீனியாவில் செசபீக்கில், மற்றொன்று மேற்குக் கரையில் சான் டியேகோவில்.

எங்களுடைய 2009ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கடமைகளில் கடல் எல்லைக்குள் பயங்கரவாதத்தை அடக்க ஒத்துழைப்பதும் இருக்கிறது. ஆனால் கொழும்பு மக்களுக்குக் கோஸ்ட் கார்ட் என்றால் கல்கிசையில் குளிக்கப் போகும்போது விசில் ஊதும் உயிர்காப்பாளர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அது சின்ன வேலை இல்லை, எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் சட்டத்தில் எழுதியிருக்கும் மற்ற வேலைக்கு ஆள் எங்கே? எனக்குத் தனி அணி வேண்டும் என்றுதான் படுகிறது. உங்கள் கருத்து?

பாஸ்கரன் வெள்ளவத்தை

எனக்கு உடன்பாடில்லை. நேவியிடம் எஸ்.பி.எஸ். என்ற சிறப்புப் படகு அணி 1993இலிருந்து இருக்கிறது. உலகில் எந்தக் கடற்படைக்கும் கிடைக்காத அளவு நேரடி அனுபவம் உள்நாட்டுப் போரில் அவர்களுக்குக் கிடைத்தது. 1996 ஏப்ரல் 12இல் புலிகள் கொழும்புத் துறைமுகத்தையே கடல் வழியாக வந்து தாக்கியதைப் பார்த்த நகரம் இது. அந்த அனுபவமுள்ள அணியை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தொடங்குவது 2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாட்டுக்குச் சரிப்பட்டு வருமா? ஒரு படகு, ஒரு எஞ்சின், வருடம் முழுக்க எண்ணெய், சுடும் பயிற்சிக்குத் தோட்டா, எல்லாம் பணம். தவிர, கோஸ்ட் கார்டின் பணிப்பாளர் நாயகமே நேவியிலிருந்து வரும் ரியர் அட்மிரல்தான். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி என்ன பயன்?

கப்பல்காரன்

தம்பிமாரே, இரண்டு பேரும் ஏறுவதைப் பற்றி லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். நான் வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஏறுவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன்.

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஏறுவதற்கு நாங்களே கயிற்று ஏணி இறக்குவோம். அதற்கே 9 மீட்டருக்கு மேல் ஏறவிடக் கூடாது என்று விதி. கப்பலை மெதுவாக்கி, காற்று படாத பக்கத்தை அவருக்குக் கொடுத்து, விளக்குப் போட்டு, மேலே இரண்டு பேர் கைகொடுக்க நிற்போம். அப்படியும் உலகத்தில் பைலட்மார் விழுந்து செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது இதையே இருட்டில், ஏணி இறக்க ஆளில்லாமல், கப்பல் முழு வேகத்தில் ஓடும்போது யோசியுங்கள். வேகப்படகு பின்பக்கமாக வந்து ஒட்டும். நீண்ட கம்பின் நுனியில் கொக்கி, அதில் மெல்லிய கம்பி ஏணி. கொக்கி மேலே மாட்டியதும் ஒருவன் ஏறத் தொடங்குவான். அலையில் கீழே படகு இறங்கும்போது ஏணி இழுபடும், படகு எழும்பும்போது ஏணி தொய்ந்து ஆளைக் கப்பலோடு அறையும். உடம்பில் கவசம், துப்பாக்கி, ரேடியோ, தண்ணீர்.

2024 ஜனவரி 11இல் சோமாலியாவுக்கு அப்பால் ஒரு தோணியில் ஏறப் போன அமெரிக்க நேவியின் சிறப்புப் படையான சீல் வீரர்கள் இரண்டு பேர் இப்படித்தான் போனார்கள். அந்த நடவடிக்கையில் கோஸ்ட் கார்டின் ஆட்களும் கூட இருந்தார்கள். ஒருவர் படகுக்கும் தோணிக்கும் நடுவில் விழுந்தார். மற்றவர் அவரைக் காப்பாற்றக் குதித்தார். உடம்பில் இருந்த பாரத்துக்குப் போதுமான மிதவை இல்லை. 47 விநாடியில் இரண்டு பேரும் தண்ணீருக்குள். தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று அவர்களுடைய விசாரணை அறிக்கையே சொன்னது. உலகத்திலேயே அதிகப் பணம் செலவழிக்கும் படைக்கே அந்தக் கதி.

ஆகையால் அணி வேண்டும் என்றால் வருடம் முழுக்கக் கடலில் ஏறி இறங்கும் அணி வேண்டும். அணிவகுப்பில் கறுப்பு உடையில் வந்து போகும் அணி என்றால் தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகளைக் கொன்றுவிடுவீர்கள்.

சட்டத்தரணி நிலா

கப்பல்காரன் ஐயா சொன்ன அதே தோணியைப் பற்றி இன்னொரு பக்கம் இருக்கிறது. பாஸ்கரன், உங்கள் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

அந்தத் தோணியில் ஈரானில் செய்த ஏவுகணை உதிரிகள் கிடைத்தன. பிடிபட்டவர்களில் நான்கு பேரை வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோய் வழக்குப் போட்டார்கள். தோணியின் தலைவனுக்கு 2025இல் 40 வருடச் சிறை. அந்தக் குற்றப்பத்திரத்தில் கப்பலேறிய கோஸ்ட் கார்ட் அதிகாரிகளிடம் பொய் சொன்னதும் ஒரு குற்றமாக இருந்தது. கவனியுங்கள். ஏறியவர்களில் சட்ட அதிகாரம் உள்ள ஒருவர் இருந்தார், கேள்வி கேட்டார், பதிலைப் பதிந்தார். ஆகவே அந்தப் பதில் நீதிமன்றம் வரை வந்தது. வெறும் சிப்பாய் கேட்டிருந்தால் அது வெறும் பேச்சு.

அமெரிக்காவில் ராணுவம் பொலிஸ் வேலையில் இறங்கக் கூடாது என்று 1878இலேயே சட்டம் போட்டார்கள். அந்த வழியில் நேவியும் போதைப்பொருள் கப்பலைப் பிடித்து ஆளைக் கைது செய்ய முடியாது. அதனால் நேவிக் கப்பலிலேயே கோஸ்ட் கார்டின் சின்னக் குழு ஒன்று பயணம் செய்யும். சந்தேகக் கப்பலை நெருங்கியதும் அந்தப் போர்க்கப்பலில் கோஸ்ட் கார்ட் கொடியை ஏற்றி, பொறுப்பையும் அவர்கள் கைக்கு மாற்றுவார்கள். கப்பல் அதே கப்பல், பீரங்கி அதே பீரங்கி. அந்த நேரத்துக்கு அது சட்டத்தின் கப்பல்.

இலங்கையில் அப்படி ஒரு கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. போர்க்காலப் பழக்கத்தில் எல்லாவற்றையும் சீருடைக்காரர் கையில் கொடுத்தே பழகிவிட்டோம். எனக்குச் சிறப்பு அணி வேண்டும். ஆனால் அதில் முதலில் வேண்டியது சாட்சியம் எடுக்கத் தெரிந்தவர். பொதியை எப்படி முத்திரையிடுவது, ஜி.பி.எஸ்.ஸில் இருந்ததை எப்படி அழியாமல் எடுப்பது, எந்த நாட்டுக் கொடியும் இல்லாத கலம் என்று எப்படி உறுதி செய்வது, பிடிபட்டவரை எவ்வளவு நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்துவது. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் திருகோணமலையில் கப்பலேறிச் சோதனை செய்யும் பயிற்சி நடத்துகிறது. அந்தப் பயிற்சியில் இந்தப் பகுதியும் இருக்கிறது என்பதுதான் எனக்கு நம்பிக்கை தரும் விஷயம்.

பாஸ்கரன் வெள்ளவத்தை

அக்கா, சட்டப் பக்கத்தை ஏற்கிறேன். அப்படியானால் நேவியின் படகில் கோஸ்ட் கார்டின் நான்கு பேரை ஏற்றினால் போதுமே. புது அணி எதற்கு?

சட்டத்தரணி நிலா

அதுவே நல்ல தொடக்கம் தம்பி. நான் கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான். ஆனால் அந்த நான்கு பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேவிக்குத் திரும்பிப் போகிறவர்களாக இருந்தால் எதுவும் நிலைக்காது. அவர்களுடைய தொழிலே இதுவாக இருக்க வேண்டும்.

முகத்துவாரம் ஜூட்

நாங்கள் பரம்பரையாக மீன்பிடி. இப்போது எங்கள் மல்டி டே போட் திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகிறது. ஒரு மாதம் வரை கடலில்தான். நீங்கள் எல்லோரும் பெரிய கப்பலைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள்.

2024 ஜனவரியில் லொரென்சோ புத்தா 4 என்ற போட் திக்கோவிட்டவிலிருந்து புறப்பட்டது, ஆறு பேரோடு. மொகதிஷுவுக்குத் தென்கிழக்கே 840 கடல் மைல் தூரத்தில் சோமாலியக் கொள்ளையர் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் துறைமுகத்தில் அந்த நாட்களில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மீட்டது யார் தெரியுமா? சீஷெல்ஸ். நீர்கொழும்பில் இருக்கும் சனத்தொகை கூட இல்லாத நாடு. அவர்களுடைய கோஸ்ட் கார்ட் போய் மறித்து, மூன்று கொள்ளையரையும் பிடித்து, ஆறு பேரையும் உயிரோடு கொண்டுவந்தது. அங்கே ஆழ்கடல் கொள்ளை வருடக்கணக்காக வாசலில் நின்றது. அதனால் அந்தச் சின்ன நாடு சின்னதாகவே ஒரு கெட்டியான அணியை வளர்த்தது.

2017 மார்ச்சில் எரிஸ் 13 என்ற எண்ணெய்க் கப்பலைப் பிடித்தபோதும் அதில் இருந்த எட்டுப் பேரும் இலங்கையர். அவர்களை விடுவித்ததும் நாங்கள் இல்லை.

ஒரு விஷயம் எனக்குக் கவலை. எங்கள் படகுகளையே ஹெரோயினும் ஐஸ் போதைப்பொருளும் கொண்டுவரப் பாவிக்கிறார்கள். அது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்காக ஒவ்வொரு போட்டையும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஏறிச் சோதித்தால், நாளைக்கு உண்மையான தகவல் வைத்திருப்பவனும் வாயைத் திறக்க மாட்டான். வி.எம்.எஸ். கருவி நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று காட்டும். பக்கத்தில் யார் நிற்கிறான் என்று எங்கள் கண்தான் காட்டும்.

பேருவளை ஃபஸ்லான்

ஜூட் சொன்ன கடைசி வரிதான் மும்பைத் தாக்குதலின் முழுக் கதையும். 2008 நவம்பர் 26இல் வந்தவர்கள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடலில் பிடித்து, அதிலேயே மும்பைக்குக் கிட்ட வந்து, ரப்பர் படகில் கொலாபா மீனவர் குடியிருப்புப் பக்கம் இறங்கினார்கள். இந்திய நேவி, கோஸ்ட் கார்ட் எல்லாவற்றையும் தாண்டி வந்தாயிற்று. அவர்களை முதலில் பார்த்தது கரையில் இருந்த மீனவர்கள். தெரியாத முகங்கள், முதுகில் பெரிய பை. யார் நீங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உன் வேலையைப் பார் என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தத் தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டிய வேகத்தில் போகவில்லை.

அதற்குப் பிறகு இந்தியா என்ன செய்தது என்று பாருங்கள். கரையோர ரேடார்கள், நேவியில் சாகர் பிரஹாரி பல் என்ற கரையோரக் காவல் அணி, மீனவருக்குக் கைரேகை அட்டை, கோஸ்ட் கார்டைக் கூப்பிட 1554 என்ற தொலைபேசி இலக்கம். கேரளத்தில் மீனவர்களையே கரையோர வார்டன்களாகச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. ஏறிச் சுடுகிற ஆளை ஆறு மாதத்தில் பயிற்றுவிக்கலாம். ஒரு படகின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு இது எங்கள் ஊர்ப் படகில்லை என்று சொல்கிறவனை எந்தப் பள்ளிக்கூடத்திலும் உருவாக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையில் வெடித்தபோது அந்தத் தேவாலயத்துக்கும் துறைமுகத்துக்கும் நடக்கிற தூரம்தான். ஆபத்து கடலிலிருந்து வரவில்லை. முன்கூட்டியே தகவல் கிடைத்தும் அதைப் பாவிக்கவில்லை என்பதுதான் அந்த 21ஆம் திகதியின் கொடுமை. அதற்குப் பிறகு எங்கள் சமூகத்தில் எத்தனை பேர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஆகவே எந்தச் சிறப்பு அணி வந்தாலும் யாருக்குப் பதில் சொல்லும் அணி என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

துறைமுகத்தான்

ஃபஸ்லான் நானா, நன்றி. நிலா அக்காவுக்கும்.

நான் சொல்ல வந்த இன்னொன்று. அமெரிக்காவில் 2007இல் இந்த அணிகளையெல்லாம் ஒரே தலைமைக்குக் கீழே கொண்டுவந்தபோது, ரசாயனக் கசிவு, எண்ணெய்க் கசிவு பார்க்கும் அணியையும் அதிலேயே சேர்த்தார்கள். சில வருடங்களில் அந்தத் தலைமையகத்தைக் கலைத்துவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்த யோசனையில் ஒரு பொருள் இருக்கிறது. கப்பலுக்குள் இருக்கும் பீப்பாயைப் பார்த்தவுடனே இது குண்டா, விபத்தா, கடத்தலா என்று யாருக்கும் தெரியாது. போகிறவன் எல்லாவற்றுக்கும் தயாராகப் போக வேண்டும்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். 2021 மே 20இல் கொழும்புக்கு ஒன்பது கடல் மைல் சொச்சத்தில் தீப்பிடித்தது. 1486 கொள்கலன், அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம். அமிலம் கசிகிறது என்பது கொழும்புக்கு வருவதற்கு முன்பே கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அந்தக் கொள்கலனை இறக்கக் கேட்டு முடியாமல் போயிருந்தது. தீயணைக்க இந்தியக் கோஸ்ட் கார்ட் வைபவ், வஜ்ரா என்ற கப்பல்களை அனுப்பியது. ஜூன் 2இல் கப்பலின் பின்பக்கம் தரைதட்டியது. அதற்குப் பிறகு நீர்கொழும்பு வரை வெள்ளைப் பிளாஸ்டிக் மணி. கைப்பிடி மணல் எடுத்தால் பாதி மணிதான்.

இப்படி ஒரு கப்பல் வெளி நங்கூரத்தில் நிற்கும்போதே ரசாயன உடையோடு ஏறி, அளந்து, உள்ளே விடலாமா கூடாதா என்று சொல்ல ஓர் அணி இருந்திருந்தால்? பயங்கரவாதத்துக்கு என்று வாங்கும் கருவியில் முக்கால்வாசி இதற்கும் உதவும். செலவைப் பற்றிக் கேட்ட பாஸ்கரனுக்கு என் பதில் இதுதான். வருடத்தில் ஒருமுறையும் வராத தாக்குதலுக்காக மட்டும் அணியை வைக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் வரும் ஆபத்தான சரக்குக்கும் சேர்த்து வையுங்கள்.

பாஸ்கரன் வெள்ளவத்தை

இந்த வாதம் எனக்குப் பிடிக்கிறது. உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் அந்தக் கப்பல் தரப்புக்கு விதித்த நட்டஈடே நூறு கோடி டொலர். அதோடு ஒப்பிட்டால் ஓர் அணியின் செலவு ஒன்றுமே இல்லை. சரி, கப்பலேறும் ரசாயன அணி என்றால் நானும் ஆதரவு.

மன்னார் பிள்ளை

இப்போது மட்டக்குளியில் இருக்கிறேன், ஊர் மன்னார். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஜூட் அண்ணை கண்ணைப் பற்றிச் சொன்னார். வடக்கில் அந்தக் கண் முப்பது வருடம் மூடிக்கொண்டே பழகிவிட்டது. போர்க்காலத்தில் கடலுக்குப் போக பாஸ் எடுக்க வேண்டும், இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், இதற்கு அப்பால் போகக் கூடாது. நேவியின் சாம்பல் நிறப் படகு தூரத்தில் தெரிந்தால் வலையை வெட்டிவிட்டுக் கரைக்கு ஓடியவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்தப் படகில் இருப்பவரிடம் போய், அண்ணா அங்கே ஒரு சந்தேகமான படகு நிற்கிறது என்று சொல்ல எங்களுக்கு வாய் வருமா?

2024 ஜூனில் இந்திய உதவியோடு கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் திறந்தார்கள். தலைமை நிலையம் கொழும்பில் நேவித் தலைமையகத்தில், துணை நிலையம் ஹம்பாந்தோட்டையில், ஆளில்லாக் கருவிகள் பருத்தித்துறை, திருகோணமலை, முள்ளிக்குளம் என்று பல இடங்களில். நல்ல வேலை. கடலில் தத்தளிப்பவனுக்கு அது உயிர். ஆனால் முள்ளிக்குளத்தைப் பற்றித் தெரியுமா? 2007இல் அந்த ஊர்ச் சனத்தை எழுப்பி அனுப்பினார்கள். ஊர் நேவி முகாமானது. போராடிய பிறகு 2017இல் 100 ஏக்கர் விடுவதாகச் சொன்னார்கள். கடலைக் கேட்கும் கருவி நிற்கும் ஊரில், அந்தக் கடலை அறிந்த சனம் முழுதாகத் திரும்பவில்லை.

கோஸ்ட் கார்டுக்கு இங்கேதான் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அது பழைய கசப்பு இல்லாத பெயர். எங்கள் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும், மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வாகரையிலும். சுழியோடத் தெரிந்த, காற்றைப் பார்த்துக் கடல் எப்படி மாறும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். ரேடியோவில் தமிழில் கூப்பிட்டால் தமிழில் பதில் சொல்ல ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும். இது சலுகை இல்லை. ஆபத்தில் இருப்பவன் மொழிபெயர்த்துக்கொண்டு இருக்க மாட்டான்.

கப்பல்காரன்

பிள்ளை, மனதில் பட்டது. ஜப்பான் கோஸ்ட் கார்டின் எஸ்.எஸ்.டி. என்ற சிறப்பு அணி 1996இல் ஒசாகாவில் உருவானது. அதன் வேரில் ஒன்று, பிரான்சிலிருந்து புளுட்டோனியம் கொண்டுவந்த கப்பலுக்குத் துணை போன காவலர்கள். நேவி போகாமல் கடல் பொலிஸ் போனது. ஆயுதம் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அதைத் தூக்குபவன் பொதுமக்களுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று அந்த நாடு நினைத்தது. எங்களுக்கும் அது பொருந்தும்.

வயது காரணமாக ஒன்று சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். பதினைந்து இருபது பேர் போதும். ஐந்து வருடம் ஒரே ஆட்கள். கொழும்பிலும் திருகோணமலையிலும் மட்டும். முதலில் நின்றுகொண்டிருக்கும் கப்பலில் ஏறட்டும், பிறகு ஓடும் கப்பலில், பிறகு இரவில். யாராவது ஒருவன் தண்ணீரில் விழுந்தால் எடுக்க இரண்டாவது படகு எப்போதும் பக்கத்தில். அது இல்லாமல் பயிற்சியே வேண்டாம்.

பேருவளை ஃபஸ்லான்

ஜூட், ஒரு கேள்வி. நடுக்கடலில் சந்தேகமான படகைக் கண்டால் இப்போது போட்டை நடத்தும் உங்கள் தண்டல் என்ன செய்வார்?

முகத்துவாரம் ஜூட்

உண்மையைச் சொல்கிறேன் நானா. முதலில் எங்கள் மற்றப் போட்டுகளுக்கு ரேடியோவில் சொல்வார், அந்தப் பக்கம் போகாதே என்று. பிறகு கரையில் போட் முதலாளிக்கு. முதலாளி விருப்பமென்றால் யாருக்காவது சொல்வார். ஆபத்து அழைப்புக்கான ரேடியோ சேனல் 16இல் நேரடியாகக் கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் கரைக்கு வந்ததும் எங்கள் போட்டைத்தான் முதலில் நிறுத்திவைத்து விசாரிப்பார்கள் என்ற பயம். மீன் பழுதாகும், ஐஸ் உருகும், ஒரு மாத உழைப்பு போகும்.

தகவல் சொன்ன போட்டை அன்றைக்கே இறக்கிவிட்டு, விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்வோம் என்று எழுத்தில் ஓர் உறுதி கொடுக்கட்டும். தண்டல்மாரை நான் கூட்டி வருகிறேன். திக்கோவிட்டவில் ஒரு கூட்டம் போட யாராவது திணைக்களத்தில் பேச முடியுமா?

துறைமுகத்தான்

நான் கேட்டுப் பார்க்கிறேன் ஜூட். நிலா அக்கா, அந்த உறுதிக் கடிதத்துக்கு ஒரு வரைவு எழுதித் தர முடியுமா? தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் நல்லது.

சட்டத்தரணி நிலா

எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன். மன்னார் பிள்ளை, தமிழ் வரைவை நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள், கடல் சொற்கள் எனக்குச் சரியாக வராது.